பொருள்: சப்ளிமென்டரி குரூப் – ‘துணைக்குழு’ சரிதானா? (வெள்ளிக்குள் வேண்டும்)

ஆசிரியை, மதுரை:

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் இயங்குதளப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பயனர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று பைதான் நிரலிலிருந்து அறியும் பகுதி மட்டும் பாக்கி. கோப்பு அனுமதிகளுக்காகப் பயனர்களைச் சேர்த்துவைக்கும் குரூப் என்பதைக் குழு என்றே வைத்துவிட்டேன். ஒருவரின் முதன்மைக் குழு தவிர அவர் இருக்கும் மற்றக் குழுவான சப்ளிமென்டரி குரூப்புக்குத் ‘துணைக்குழு’ என்று எழுதியிருந்தேன். வகுப்பில் ஒரு மாணவி, “மிஸ், ஆடியோ குழு எந்தக் குழுவுக்குத் துணைக்குழு?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். பெரிய குழு பிரித்து அமைக்கும் சின்னக் குழுவைத்தான் துணைக்குழு என்கிறோம். லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸில் குழுவுக்குள் குழு கிடையாது. பெயரையோ எண்ணையோ கொடுத்து அதற்கான பதிவை எடுக்கும் லுக்அப் என்பதற்குத் ‘தேடல்’ என்று போட்டிருக்கிறேன், அதிலும் மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.

கணினி நிர்வாகி, கோவை:

அம்மா, மாணவி சரியான இடத்தைப் பிடித்திருக்கிறாள். பழைய யூனிக்ஸில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரே குழுவில்தான் இருக்க முடியும். வேறு குழுவின் கோப்பு வேண்டுமென்றால் நியூஜிஆர்பி கட்டளை கொடுத்து மாறிக்கொள்ள வேண்டும். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்புதான் ஒரே நேரத்தில் பல குழுக்களில் இருக்க வழி செய்தது. இன்றும் முதன்மைக் குழு ஒன்றுதான். புதிதாக உருவாக்கும் கோப்பு பொதுவாக அதன் பெயரில் விழும். மற்றவை அனுமதிக்காகக் கூடச் சேர்ந்தவை. லினக்ஸில் முன்பு 32 வரை, இப்போது 65,536 வரை சேரலாம். ‘கூடுதல் குழு’ என்றால் யாருக்கும் புரியும்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

அன்புடையீர், ‘கூடுதல்’ கட்டணத்துக்கு ஆகும், குழுவுக்கு ஆகாது. குழு என்ற சொல்லின் வேரைப் பாருங்கள். குழு, குழுமு, குழாம், குலவு, வாழைக்குலை, குலம் எல்லாம் திரள்வதையே சொல்கின்றன. குலம் வடசொல் என்பாரை நான் ஏற்பதில்லை. குலையும் குலமும் ஒரே கொம்பில் காய்த்தவை. கணிதப் பாடத்தில் செட் என்பதற்குக் கணம், குரூப் என்பதற்குக் குலம் என்று ஏற்கெனவே உண்டு. கணினிக்கும் அதையே கொள்ளலாமே? இன்னொரு வழியும் உண்டு. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் ஐம்பெருங்குழுவையும் எண்பேராயத்தையும் அடுத்தடுத்துச் சொல்கின்றன. முதன்மையானது குழு, மற்றது ஆயம் என்று பிரித்துக்கொள்ளலாம். குழுவின் அடையாள எண்ணுக்குக் ‘குழூஉக்குறி’ என்ற அருமையான சொல் நன்னூலிலேயே இருக்கிறது.

நண்பர், யாழ்ப்பாணம்:

ஐயா, குலம் வேண்டாம். அடுத்து லுக்அப்புக்குச் சொல் தேடப்போகிறோம். ‘பார்’ என்று முடிவானால் பிள்ளைகள் ‘குலம் பார்’ என்று நிரலில் எழுத வேண்டிவரும். அதை நான் எந்தப் பிள்ளைக்கும் படிப்பிக்கமாட்டேன். ஆயம் என்றால் வரி என்றும் பொருள் உண்டு. எங்கள் பக்கம் பயனரைப் பாவனையாளர் என்போம், கூடுதலை மேலதிகம் என்போம். ‘மேலதிகக் குழு’ எங்களுக்கு இயல்பு.

கணினி நிர்வாகி, கோவை:

குழூஉக்குறியும் பொருந்தாது ஐயா. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது வெளியாளுக்குப் புரியக்கூடாது என்பதற்காக. குழுவின் அடையாள எண்ணான ஜிஐடி எதையும் மறைப்பதில்லை, ஈடிசி அடைவில் குரூப் கோப்பைத் திறந்தால் எல்லாரும் படிக்கலாம். ஒவ்வொரு வரியிலும் பெயர், கடவுச்சொல் இடம், எண், உறுப்பினர் என நான்கு புலங்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையில், நிர்வாக அனுமதிக்கான சூடோ குழுவுக்கு 27, ஒலிக்கருவிகளுக்கான ஆடியோவுக்கு 29. ‘குழு எண்’ போதாதா?

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

போதும், ஆனால் சேர்த்து எழுதினால் ‘குழுவெண்’. குழு முற்றியலுகரம், உகரம் கெடாது, வகர உடம்படுமெய் வரும். குலத்தை விட்டுவிடுகிறேன், யாழ்ப்பாண அன்பர் சொன்னது நெஞ்சில் தைத்தது. கூடுதலுக்கு மாற்றாகச் ‘சேர்குழு’ தருகிறேன். வினைத்தொகை. சேர்ந்த, சேர்கின்ற, சேரும் என முக்காலமும் அடங்கும். வல்லினம் மிகாது, ‘சேர்க்குழு’ என்று அச்சடித்துவிடாதீர்கள். ‘பல்குழு’ என்று யாரேனும் சொல்லுமுன் ஒன்று: ‘பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும்’ இல்லாததே நாடு என்கிறது குறள் 735. அந்தச் சொல் நமக்கு ஆகாது.

கணினி நிர்வாகி, கோவை:

சேர்குழு அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் முக்காலம் என்பதில் ஒரு தடை. ஒருவரை இன்று ஒரு குழுவில் சேர்த்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய நிரல்களுக்கு அது தெரியாது. வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். ‘சேர்கின்ற’ என்ற காலம் இங்கே இல்லை.

அப்புறம், தேடல். தேடுவது க்ரெப் கட்டளை செய்யும் வேலை. எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று தெரியாமல் துழாவுவது. பைதானின் கெட்ஜிஆர்நாம் செயல்கூறு அப்படியில்லை. குழுவின் பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயருக்கான ஒரே பதிவு வரும், இல்லையென்றால் பைதான் கீஎரர் என்ற பிழை காட்டி நிறுத்திவிடும். கெட்ஜிஆர்ஜிஐடியும் அப்படியே, எண்ணைக் கொடுக்க வேண்டும். சர்வே எண்ணைச் சொல்லிப் பட்டா பார்க்கிறோம், வில்லங்கம் பார்க்கிறோம். யாரும் வில்லங்கம் ‘தேடுவதில்லை’. எனவே ‘பதிவு பார்த்தல்’. எந்த ஏட்டில் முதலில் பார்ப்பது, கணினியில் உள்ள கோப்பிலா, எல்டாப் என்ற வலையமைப்புப் பதிவேட்டிலா என்பதை என்எஸ்ஸ்விட்ச் என்ற அமைப்புக் கோப்பு சொல்லும் என்று விளக்கவும் இந்தச் சொல் வசதி.

ஆசிரியை, மதுரை:

‘பதிவு பார்த்தல்’ கேட்டதும் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், விளக்கம் தேவைப்படவில்லை. எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு இடறலும் வந்தது. ஒரு மாணவன் தன் பெயரிலேயே இருக்கும் குழுவைப் பார்த்தான். குழு எண் 1000 வந்தது, உறுப்பினர் பட்டியல் வெறுமையாக வந்தது. “நான் என் குழுவிலேயே இல்லையா மிஸ்?” என்றான்.

கணினி நிர்வாகி, கோவை:

அந்தப் பட்டியலுக்கு ‘உறுப்பினர்’ என்று பெயர் வைத்ததுதான் காரணம். முதன்மைக் குழு எது என்பது பாஸ்வேர்ட் கோப்பில் இருக்கிறது. குரூப் கோப்பின் கடைசிப் புலத்தில் பெரும்பாலும் வெளியிலிருந்து சேர்க்கப்பட்டவர்களின் பெயரே இருக்கும். இரண்டையும் பார்த்தால்தான் முழு விவரம். பைதானின் ஓஎஸ் மாட்யூலில் உள்ள கெட்குரூப்லிஸ்டுக்குப் பயனர் பெயரோடு முதன்மைக் குழுவின் எண்ணையும் கொடுத்தால் இரண்டையும் சேர்த்துத் தரும். பாடத்தில் அந்தப் புலத்தைச் ‘சேர்ந்தோர்’ என்று எழுதுங்கள். இப்போது சேர்குழுவுக்கு என் தடையைத் திரும்பப் பெறுகிறேன்: சேர்குழு, அதில் சேர்ந்தோர். இரண்டும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

நண்பர், யாழ்ப்பாணம்:

என்னுடைய வாக்கு இன்னும் மேலதிகக் குழுவுக்கே. சேர்குழு என்று தனியாக ஒரு திரைச்செய்தியில் வந்தால் எங்கள் பிள்ளை ‘சேர்’ என்ற கட்டளை என்று நினைத்துச் சொடுக்கும். பாடத்தில் விளக்கம் இருக்கும், திரையில் இருக்காது.

ஆசிரியை, மதுரை:

இந்த அச்சுக்கு முதன்மைக் குழு, சேர்குழு, குழு எண், சேர்ந்தோர், பதிவு பார்த்தல் என்று போகிறேன். சேர்குழு முதலில் வரும் இடத்தில் ‘மேலதிகக் குழு’ என்பதையும் அடைப்புக்குறியில் சேர்த்திருக்கிறேன்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

குழு எண் அல்ல அம்மா, குழுவெண்.