பேனல் லைட் தூக்கிக் கட்டியதில் வயிறு கலங்கிய நாள் எது?

கேஃபர், சாலிகிராமம்

லைட் டிபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள், இருந்தவர்கள், பக்கத்தில் நின்று டீ குடித்தவர்கள் எல்லாரும் எழுதலாம். பெரிய எல்.இ.டி பேனல்களை உயரத்தில் கட்டும்போது உங்களுக்கு வயிறு கலங்கிய ஒரு நாளைச் சொல்லுங்கள். படத்தின் பெயர், கம்பெனி பெயர் வேண்டாம். நான் கேஃபர், அதாவது லைட் டிபார்ட்மென்ட்டின் தலைவர். முதலில் என் கதை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தாண்டி ஒரு பங்களா. மே மாதம். கீழே முற்றத்தில் கல்யாண வீட்டுக் காட்சி. மாடியிலிருந்து மென்மையான வெளிச்சம் இறங்க வேண்டும் என்று கேமராமேன் கேட்டார். பைப்பில் 8க்கு 8 அடி சட்டம் செய்து, அதில் நான்கு பேனல் மாட்டி, முன்னால் சில்க் துணி கட்டி, கைப்பிடியைச் சுற்றி உயர்த்தும் இரண்டு கிராங்க் ஸ்டாண்டில் ஏற்றினோம். ஒவ்வொரு பேனலும் பன்னிரண்டு, பதிமூன்று கிலோதான். காலையில் ஓர் இலைகூட அசையவில்லை. மணல் மூட்டை எட்டு கேட்டேன். மாடிப்படி ஏறி வந்தது நான்கு. "போதும்ணே, லைட் லேசுதானே" என்றார்கள். நானும் தலையாட்டினேன். அதுதான் என் தப்பு.

மேற்குப் பக்கக் கயிறு இரண்டையும் கைப்பிடிச் சுவரின் இரும்பில் கட்டினோம். கடல் பக்கம் கட்ட வாகான இடம் இல்லை. "சாப்பிட்டுட்டு வந்து துளை போட்டு கொக்கி அடிச்சுக்கலாம், அதுவரை நீ பிடிச்சுக்கடா" என்று புதிதாகச் சேர்ந்த பையனிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். இரண்டரை மணி இருக்கும், கடற்காற்று திரும்பியது. சென்னைக்காரர்களுக்குத் தெரியும், அது சொல்லிக்கொண்டு வராது. துணி ஒரு தடவை படாரென்று உப்பியது. சட்டம் முற்றத்தை நோக்கிச் சாய்ந்ததை நான் கீழிருந்து பார்த்தேன். சட்டத்துக்கு நேர் கீழே மேக்கப் போட்டுக்கொண்டு பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாயில் சத்தம் வரவில்லை.

சாய்ந்த சட்டம் பாதியில் நின்றது. மேலே ஓடிப் போனால், பையன் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டித் திண்டில் இரண்டு காலையும் ஊன்றி, பின்னால் சாய்ந்து கிடந்தான். முகம் சிவந்திருந்தது. நான்கு பேர் சேர்ந்து இறக்கினோம். இன்றுவரை புது ஆட்கள் யார் வந்தாலும் அந்தப் பையனைத்தான் உதாரணமாகச் சொல்கிறேன். காற்று வருவதைக் கண்டு தயாராக நின்றான் பாருங்கள், அந்தக் கவனம் வேண்டும் என்று.

ஓய்வுபெற்ற லைட்மேன், வடபழனி

தம்பி, நான் 1984இல் சேர்ந்தவன். நாங்கள் ஆர்க் லைட் தூக்கினோம். புரூட் என்று ஒன்று, 225 ஆம்பியர் இழுக்கும். உள்ளே எரியும் கார்பன் குச்சி தேயத் தேயப் பக்கத்திலேயே நின்று மாற்ற வேண்டும். அதைப் பரணில் ஏற்ற ஆறு பேர், ஒரு கப்பி, ஒரு மேஸ்திரியின் வாய். கனம் இருந்ததால் பயம் இருந்தது. யாரும் ஒற்றைக் கயிற்றை நம்பவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. பழைய லைட்டெல்லாம் கொதிக்கும். நைலான் கயிற்றைப் பக்கத்தில் கொண்டு போனால் உருகிவிடும் என்பதால் சங்கிலி, கம்பி, இரும்பு கிளாம்ப் தவிர வேறு எதையும் கை தேடாது. எல்.இ.டி வந்தது, சூடு போனது, உடனே எதையும் எதனாலும் கட்டலாம் என்றாகிவிட்டது. பிளாஸ்டிக் கேபிள் டையில் பேனல் தொங்குவதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் கடைசியாக வேலை செய்த வருஷங்களில் ஒன்று. ஸ்டுடியோ ஃப்ளோரில் வீட்டு செட். கூடத்துக்கு மேலே ஒரு பெரிய பேனல், நீல நைலான் கயிறு, இரண்டு முனையிலும் முடிச்சு. காலை ஒன்பதுக்கு ஷாட் வைக்கும்போது எல்லாம் சரி. பதினோரு மணிக்கு கேமரா அசிஸ்டென்ட், "ஃப்ரேமில் மேலே ஏதோ கறுப்பா வருது" என்றார். கேமராவைக் கொஞ்சம் கீழே தட்டினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி வந்தது. மறுபடி தட்டினார்கள். நாலு மணிக்கு மூன்றாவது முறை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேமரா நகரவில்லை, லைட் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏணி வைத்துப் பார்த்தேன். புது நைலான், வழவழப்பு, முடிச்சு மெல்ல மெல்ல வழுக்கி வால் இரண்டு விரற்கடைதான் மிச்சம். காலையில் ஒரு முழம் விட்டிருந்தோம். கீழே சோபாவில் குழந்தை நட்சத்திரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல், "பாப்பா, அங்க ஃபேன் காத்து நல்லா வருது, அந்தப் பக்கம் உக்காரும்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஒளிப்பதிவு உதவியாளர்

ஐயா, அந்த கேமரா அசிஸ்டென்ட் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கேமராவைத்தான் தட்டியிருப்பேன். லைட் நகரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இனிமேல் ஃப்ரேமில் கறுப்பு வந்தால் முதலில் மேலே பார்க்கிறேன்.

லைட் வாடகைக்கு விடுபவர், விருகம்பாக்கம்

என் பங்குக்கு இரண்டு.

ஒன்று, சாமான் விழுந்தது. பேனலை யோக் என்கிற தாங்கு பிடியோடு பைப்பில் மாட்டி, சேஃப்டி கம்பியும் போட்டாயிற்று. எல்லாம் முறைப்படி. ஆனால் வெளிச்சம் பக்கவாட்டில் சிதறாமலிருக்க முன்னால் செருகிய, தேன்கூடு மாதிரியான ஹனிகோம்ப் சட்டத்துக்கு யாரும் தனியாகக் கம்பி போடவில்லை. நேர்நிலையில் இருந்தவரை அது தன் காடியில் உட்கார்ந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் கீழ பாக்க வைங்க" என்றார்கள், கீழே சாய்த்தோம், மேல் கொக்கி சரியாகப் பூட்டவில்லை போல, சட்டம் மட்டும் பிரிந்து பந்தி இலை விரித்திருந்த மேசை மேல் விழுந்தது. சாப்பாட்டு இடைவேளை என்பதால் நாற்காலிகள் காலி. வெள்ளித் தட்டு ஒன்று நெளிந்ததற்கு ஆர்ட் டிபார்ட்மென்ட் பில் அனுப்பியது, சந்தோஷமாகக் கட்டினேன். இப்போது என் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு ஹனிகோம்புக்கும், லைட் முன்னால் கதவு மாதிரி மடங்கும் பார்ன்டோருக்கும் தனிக் கம்பி கோத்தே அனுப்புகிறேன். லைட்டைத்தான் எல்லாரும் பத்திரமாகக் கட்டுவார்கள், லைட்டில் மாட்டியது யார் பொறுப்பு என்பதில்தான் இடறும்.

இரண்டாவது, ஏற்றிய பிறகு இறக்க வேண்டி வந்தது. ஆறு பேனல், பதினாறு அடி உயரம், சாரம் கட்டி ஏற்றி, சாரத்தையும் பிரித்துவிட்டார்கள். லைட்டுகளைக் கீழிருந்தே இயக்கும் கன்சோலில் டிம் பண்ணியதும் கடைசி இரண்டு பேனல் மட்டும் துடிக்கிறது. கேமராமேன் என்னைப் பார்க்கிறார், நான் கன்சோலைப் பார்க்கிறேன். மறுபடி சாரம், இரண்டு மணி நேரம். மேலே போனால், கன்சோலின் சிக்னலை லைட்டுக்குக் கொண்டுபோகும் டி.எம்.எக்ஸ் கேபிள் ஒன்று குறைந்தது என்று யாரோ சவுண்டு டிபார்ட்மென்ட்டில் மைக் கேபிள் வாங்கிக் கோத்திருந்தார்கள். 3 பின் பிளக் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே இருக்கும் கம்பியின் குணம் வேறு. டி.எம்.எக்ஸுக்கு 120 ஓம் கேபிள் வேண்டும், வரிசையின் கடைசி லைட்டில் 120 ஓம் டெர்மினேட்டர் என்கிற முனை பிளக்கும் வேண்டும். இரண்டும் இல்லாமல் போனால் சிக்னல் முனையில் முட்டித் திரும்பி வந்து குழப்பும். கீழே தரையில் குட்டையாக இணைத்துப் பார்க்கும்போது ஓடிவிடும், அதுதான் மோசம். அதனால் இப்போது மேலே போகப் போகும் முழு நீளக் கேபிளையும் தரையில் வளைத்து வளைத்துப் போட்டு, எல்லா பேனலையும் பூஜ்யத்திலிருந்து நூறுவரை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் கயிற்றில் கை வைக்க விடுகிறேன். ஆறையும் ஒரே நேரத்தில் ஆன் செய்யவும் விடுவதில்லை. வாட் கணக்கில் கொஞ்சம்தான், ஆனால் போட்ட அந்த நொடியில் எல்லாம் சேர்ந்து கபக்கென்று இழுக்கும், பிரேக்கர் விழும்.

செட் வேலை, சிங்கப்பூர்

இங்கே ஒருவர் 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலை என்றால் பெர்மிட் இல்லாமல் ஏற முடியாது. புதிதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு நாள், டிரஸ் என்கிற நீளமான தொங்கு சட்டத்தில் பேனல் வரிசை தூக்க வேண்டும். சேஃப்டி அதிகாரி வந்து, ஒரு புள்ளியில் எவ்வளவு எடை என்றார். கையேட்டைக் காட்டி 13 கிலோ என்றேன். "லைட் மட்டும் கேட்கவில்லை" என்றார். சரி, நிறுத்துப் பார்ப்போம் என்று விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் கைத்தராசில் மாட்டினோம். யோக், கிளாம்ப், வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃபியூஷன் பெட்டி, தொங்கும் கேபிள் எல்லாம் சேர்த்து 22 கிலோ காட்டியது. எட்டு லைட்டுக்கு அதைப் பெருக்கிக்கொள்ளுங்கள். அன்று முதல் அந்தத் தராசு என் பையிலேயே இருக்கிறது.

அவரே இன்னொன்றும் காட்டினார். ஒரே கொக்கியிலிருந்து இரண்டு பெல்ட் இறங்கி டிரஸ்ஸைப் பிடிக்கிறது என்றால், நாம் எடையைப் பாதி பாதியாகப் பிரிந்தது என்று நினைக்கிறோம். பெல்ட் இரண்டும் நேராகத் தொங்கினால் மட்டுமே அது சரி. விரிய விரிய ஒவ்வொன்றிலும் இழுப்பு ஏறும். நடுவே கோணம் 120 டிகிரி ஆகும்போது ஒவ்வொரு பெல்ட்டும் முழு எடையையும் தாங்குகிறது. கூரை தாழ்வாக இருந்ததால் நாங்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் பப்பரப்பா என்று விரித்து வைத்திருந்தோம்.

பாலிடெக்னிக் படித்துவிட்டு லைட்டுக்கு வந்தவன்

கேஃபர் அண்ணன் கதையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8க்கு 8 அடி என்றால் சுமார் 6 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று நேராக முட்டினால் குறைந்தது 37 கிலோ எடையை உச்சியில் கட்டிப் பக்கவாட்டில் இழுப்பது மாதிரி. அதே காற்றில் 12க்கு 12 சட்டம் 80 கிலோ தாண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்கு. வெறும் பேனல் நான்கும் சேர்ந்து ஒரு சதுர மீட்டர்கூட வராது, அவற்றை மட்டும் ஏற்றியிருந்தால் காற்று அசைத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். அண்ணனை மிரட்டியது துணிதான்.

கேஃபர், சாலிகிராமம்

கணக்கு சரி தம்பி. அதற்குப் பிறகு வெளியிடத்தில் துணி கட்டினால் ஒரு ஆள் அதற்கென்றே. துணி உப்ப ஆரம்பித்தால் யாரையும் கேட்காமல் ஒரு பக்கக் கட்டை அவிழ்த்துவிட அவனுக்கு உரிமை உண்டு. ஷாட் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, டைரக்டர் என்னைத் திட்டட்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், தென்காசி பக்கம் ஆடி மாதத்தில் ஷூட்டிங் போனால் நான் சில்க்கையே வண்டியிலிருந்து இறக்குவதில்லை. வெள்ளைச் சுவர் இருந்தால் அதில் அடித்துத் திருப்பிக்கொள்கிறேன்.

கிரேனில் லைட் தூக்குவது பற்றி ஒருவர் தனிச் செய்தியில் கேட்டார். 2020 பிப்ரவரி 19 இரவு பூந்தமல்லி பக்கம் ஒரு படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த மாதம் நான் வேறொரு செட்டில் இருந்தேன். மறுநாள் காலை எங்கள் கிரேனுக்குக் கீழே ஒரு ஆள் நிற்கவில்லை, டீக்காரர்கூடச் சுற்றிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து அதே நிழலில் கேரம் போர்டு போட்டு ஆடினார்கள். நான் போர்டைத் தூக்கி வேனில் வைத்துவிட்டேன், இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை.

லைட்மேன், போரூர்

கேஃபர் அண்ணே, வணக்கம். முட்டுக்காட்டில் கயிறு பிடித்த பையன் நான்தான். இத்தனை வருஷமாக நீங்கள் என்னை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருந்தேன், இன்று எழுதிவிடுகிறேன்.

நான் காற்றைப் பார்க்கவில்லை. நீங்கள் சாப்பிடப் போனீர்கள், மாடியில் தாங்க முடியாத வெயில். மதியம் ஆனதால் சட்டத்தின் நிழல் கடல் பக்கமாக விழுந்தது, கயிற்றோடு அங்கே போய் உட்கார்ந்தேன். கையில் பிடித்தால் விட்டுவிடுவேனோ என்று இடுப்பில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு திண்டில் காலை நீட்டிச் சாய்ந்தேன். முதல் நாள் நைட் ஷூட்டிங். அப்படியே தூங்கிவிட்டேன். யாரோ இடுப்பைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று நினைத்துத்தான் கண் விழித்தேன்.