புதுப்பிப்பு: மூணாறு – டாப் ஸ்டேஷன் பழைய ரயில் தடம்

மூணாறிலிருந்து மலைமேல் உள்ள டாப் ஸ்டேஷனுக்கு ஒருகாலத்தில் ஓடிய குண்டளை பள்ளத்தாக்கு ரயிலின் தடம் இன்று எங்கெல்லாம் தெரிகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி. நீங்கள் குறிப்பிட்டபடி மாட்டுப்பட்டி வழியாகச் சென்று பார்த்தேன். ஏற்றம் எங்கும் சட்டென்று கூடாமல், மலையின் இடுப்பை ஒட்டியே சாலை வளைந்து வளைந்து ஏறுவதைக் கவனித்தால், பல இடங்களில் அது பழைய தடத்தின் மீதே போகிறது என்று நம்பத் தோன்றுகிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, பாசி படர்ந்து கொடி மூடிய கருங்கல் கட்டு ஒன்றையும் கண்டேன்.

1902இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908இல் இரண்டடி அகலப் பாதையில் நீராவி எஞ்சினுக்கு மாறிய இந்த ரயில், டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைக் கொண்டுசென்றது. அங்கிருந்து கம்பிவடத்தில் மலையடிவாரக் கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள், போடி வழியாகத் தூத்துக்குடிக்குச் சென்று கப்பலேறின. 1924 ஜூலை பெருவெள்ளத்தில் பாதை அழிந்தது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததோ 1928இல்தான். இரண்டு பாதைகளும் ஒரே காலத்தில் இயங்கவே இல்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர், வெள்ளத்துக்குப் பின் தண்டவாளத் துண்டுகளைத் தூண்களாக நட்டதாகத் தம் தாத்தா சொன்னதை நினைவுகூர்ந்தார். கொட்டகுடிப் பக்கம் சுமை தூக்கிய, வண்டியோட்டிய குடும்பத்தினர் யாரேனும் இருந்தால், கேட்டறிந்த கதைகளை அவசியம் எழுதுங்கள்.