பனிமிதி: ஸ்னோஷூவுக்கு ஒரு தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பனியில் கால் புதையாமல் நடக்கக் கட்டிக்கொள்கிற ஸ்னோஷூவைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். இத்தனை பேர் பதில் எழுதியதற்கு நன்றி. பனிக்காலணி, பனிச்சப்பாத்து, பனிப்பாதுகை, பனிமட்டை, வெண்பனி மிதியடி என ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. நான்கு நாளாக அவற்றைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எனக்குப் படுவது, கேள்வியோடு நானே சொல்லிவைத்த பனிமிதிதான். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி வந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில். ஏப்ரல் கடைசியில் நாங்கள் ஆறு பேர் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை ஏறினோம், ஆறு பேரும் தமிழர்கள், அதில் இருவருக்கு இதுதான் முதல் பனிமலை. 1980 மே 18 அன்று வெடித்துத் தலையை இழந்த மலை இது. அதற்கு முன் 2,950 மீட்டர் இருந்தது, இப்போது 2,549. அந்த வெடிப்பில் 57 பேர் இறந்தார்கள். பனிக்காலத்திலும் வசந்தத்திலும் ஏறுகிறவர்கள் தெற்குப் பக்கத்தில் மார்பிள் மவுண்டன் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கிளம்புவார்கள். போய்வர 19 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் 1,700 மீட்டருக்கு மேல். புதியவர்கள் இருவருக்கும் ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதித் தரலாம் என்று உட்கார்ந்தால், "காலில் கட்டிக்கொள்ள வேண்டியது" என்ற முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது.

> பனியில் போடுகிற காலணி, எனவே பனிக்காலணி. இதற்கு மேல் என்ன விவாதம்?

ஐயா, விவாதம் இருக்கிறது. அது காலணியே இல்லை. பூட்ஸைப் போட்டு நாடா இறுக்கிய பிறகு, அந்தப் பூட்ஸுக்கு அடியில் கட்டுகிற ஒரு சட்டம் அது. டொராண்டோ அக்கா பனிச்சப்பாத்து என்று எழுதியிருந்தார். சப்பாத்து எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் அவரே அடுத்த வரியில், அங்கே குளிர்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகிற பூட்ஸைத்தான் வீட்டில் அப்படிச் சொல்கிறோம் என்கிறார். அப்படியானால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது, அதைப் பிடுங்கி வேறு பொருளுக்குக் கொடுக்க வேண்டாம்.

பொருளை நன்றாகப் பார்த்தால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன். வட அமெரிக்கப் பழங்குடியினர் மரத்தை வளைத்துச் சட்டமாக்கி, நடுவில் தோல் வாரால் பின்னிச் செய்தார்கள். இன்றைக்குக் கடையில் கிடைப்பது அலுமினியச் சட்டம் அல்லது முழுக்கப் பிளாஸ்டிக், அடியில் எஃகுப் பல். செய்கிற வேலை மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். உடம்பின் எடையை அகலமாகப் பரப்புகிறது, கால் புதைவதில்லை. சங்கப் பாட்டில் வருகிற "அடிபுதை அரணம்" பலருக்கு நினைவிருக்கும், அடியைப் புதைத்துக் காக்கிற காலணி. இந்தப் பொருளோ அடியைப் புதையவிடாமல் காக்கிறது. காலணி வரிசையிலிருந்து பெயர் எடுக்க எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம்.

பனிமட்டை எனக்கும் ஒரு நாள் முழுக்கப் பிடித்திருந்தது. பிரெஞ்சுக்காரர்களும் பந்தாடுகிற மட்டையின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள், உருவம் அப்படியே பொருந்துகிறது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காற்றடிக்கிற சரிவில் முன்னால் போகிறவர் திரும்பிக் கத்தினால் பின்னால் வருகிறவருக்குப் பனைமட்டை என்றுதான் கேட்கும். மிதியடி என்றால் என் தலைமுறைக்கு வாசற்படியில் கிடப்பது. பாதுகை என்றதும் பரதன் தலையில் தூக்கிப் போனது நினைவுக்கு வருகிறது, அதைக் கட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க மலை ஏற முடியவில்லை.

சரி, பனிமிதிக்கு வருகிறேன். இதற்கு வந்த முக்கியமான மறுப்பு இது:

> தீமிதி மாதிரி இருக்கிறது. அது செயலின் பெயர், கருவியின் பெயர் இல்லை.

நல்ல மறுப்பு. ஆனால் கால்மிதியையும் நினைத்துப் பாருங்கள், அது பொருளின் பெயர். தமிழில் மிதி இரண்டு பக்கமும் நிற்கிறது, தீமிதி செயல், கால்மிதி பொருள். மிதிவண்டி வந்தபோதும் யாரும் தடுக்கவில்லை. நமக்கு வேண்டியதும் இரண்டும்தான். "பனிமிதியைக் கட்டு", "பனிமிதியைக் கழற்றிப் பையில் மாட்டு" என்றால் பொருள். "ஞாயிற்றுக்கிழமை பனிமிதி போகிறோம்" என்றால் செயல். குழப்பம் வருகிற இடத்தில் பனிமிதி நடை என்று ஒரு சொல் கூட்டினால் போதும். வெண்பனி என்று தொடங்க வேண்டும், வெறும் பனி என்றால் மார்கழிப் பனியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். பனிச்சறுக்கு, பனிச்சரிவு இரண்டும் வெண் இல்லாமலே நிலைத்துவிட்டனவே. மார்கழிப் பனியில் சறுக்க முடியாது என்பது படிப்பவருக்குத் தெரியும்.

இந்தச் சொல்லை மலையிலும் சோதித்துப் பார்த்தேன். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். இரவுக் குளிரில் பனியின் மேல்பரப்பு இறுகிக் கிடந்தது, வெறும் பூட்ஸ் போதும், பனிமிதி முதுகில்தான். காய்ந்த குளத்துச் சேற்றின் மேல் பொருக்குத் தட்டுமே, அதே மாதிரி. குறிப்பில் பொருக்குப்பனி என்று எழுதினேன், இருவருக்கும் விளக்கமே தேவைப்படவில்லை. மரங்கள் முடிந்த பிறகு காற்று பனியை வாரிக்கொண்டுபோன முகடுகளில் சாம்பலும் நுரைக்கல்லும் வெளியே தெரிந்தன. மேலே செங்குத்தான பகுதியில் வழுக்காமல் இருக்கப் பூட்ஸுக்கு அடியில் கிராம்பான் என்கிற உலோக முள் கட்டினோம், நுரைக்கல்லில் முள் உரசுகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது.

உச்சியில் நிற்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறது, என் கணக்கில் பனிமிதியைவிட அது முக்கியம். எரிமலை வாயின் விளிம்பில் காற்று பனியைக் குவித்துக் குவித்து, விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிவிடும். மேலிருந்து பார்த்தால் தரை தொடர்கிற மாதிரியே இருக்கும், கீழே ஒன்றும் கிடையாது. 2010இல் இதே மலையில் ஒருவர் அது உடைந்து உள்ளே விழுந்து இறந்தார். ஆங்கிலத்தில் கார்னிஸ் என்கிற இதற்கு அகராதிகளில் விளக்கம்தான் வருகிறது, சொல் வரவில்லை. ஓட்டு வீட்டுக் கூரை சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதை என்ன சொல்வோம்? இறவாரம். அதனால் பனியிறவாரம் என்று எழுதினேன். உச்சிக்குப் பத்தடி இருக்கும்போது புதியவர்களில் ஒருவர், அவர் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்துக்காரர், சட்டென்று நின்று "இதுதானே இறவாரம்? இதுக்கு மேல வரலை" என்றார். அங்கேயே உட்கார்ந்து வடக்கே ரெய்னியர் மலையைப் பார்த்தோம். யாரும் விளிம்புக்குப் போகவில்லை.

இறங்கும்போதுதான் பனிமிதிக்கு வேலை வந்தது. பத்து மணி வெயிலில் பொருக்கு இளகி, பனி பருமனான மணி மணியாக உதிர்ந்தது, பகலில் உருகி இரவில் உறைந்து வசந்தத்தில் உண்டாகிற பனி. கையில் அள்ளினால் குருணை அரிசி மாதிரி விரலிடுக்கில் ஓடுகிறது, அதனால் குருணைப்பனி. நண்பகல் தாண்டியதும் அதுவும் சொதசொதவென்று ஆகி, மரங்களுக்குள் நுழைந்த இடத்தில் எனக்கு வலது கால் தொடை வரை இறங்கிவிட்டது. இழுத்து எடுக்கவே இரண்டு நிமிஷம். எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து பனிமிதி கட்டினோம், அதற்குப் பிறகு யாருக்கும் கணுக்காலுக்கு மேல் புதையவில்லை.

கூடவே தேவைப்பட்ட சில உறுப்புப் பெயர்களையும் உங்கள் முன் வைக்கிறேன். பூட்ஸைச் சட்டத்தோடு பிணைக்கிற வார்த்தொகுதிக்குத் தளை, பனையேறிகள் காலில் மாட்டுகிற தளைநாரை நினைத்து வைத்தேன். ஏற்றத்தில் கெண்டைக்கால் இழுக்காமல் இருக்கக் குதிகாலுக்கு அடியில் நிமிர்த்திவிடுகிற கம்பிக்குக் குதிமுட்டு. பல்லுக்கு அடியில் ஈரப்பனி கட்டியாக அப்பிக்கொள்வதைப் பனியடை என்றேன், ஆனால் அரிசி மாவும் வெல்லமுமாக வேறு அடை ஞாபகம் வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள், மாற்றத் தயார்.

இன்னும் பிடிபடாதது ஒன்று. சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்குவார்கள், பனிக்கோடரியை ஒரு பக்கம் ஊன்றி வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு. பனிச்சறுக்கு என்றால் ஸ்கீயாகிவிடும். குந்துசறுக்கு என்று எழுதி அடித்துவிட்டேன், குந்துவது வேறு, இது நன்றாக உட்கார்ந்தே போவது. சிறுவயதில் பாக்குமட்டையில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த விளையாட்டுக்கு உங்கள் ஊரில் பெயர் இருந்தால் எழுதுங்கள். அங்கிருந்து ஒரு வேர் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

அன்புடன்