‘டெட் பீட்’: ராக் உலகத்துத் துப்பறியும் நாவலா, கிட்டார் மாட்டிய மாளிகைக் கொலையா?

கீழவீதி:
வால் மெக்டர்மிட் 1992-ல் எழுதிய ‘டெட் பீட்’ படித்து முடித்தேன். மான்செஸ்டரின் தனியார் துப்பறிவாளர் கேட் பிரானிகன் அறிமுகமாகும் நாவல். ஜெட் என்ற ராக் பாடகனுக்கு இறங்குமுகம். ஆரம்பத்தில் தன்னோடு சேர்ந்து பாட்டு எழுதிய மொய்ராவைத் தேடித் தரச்சொல்லி பிரானிகனிடம் வருகிறான். லீட்ஸ், பிராட்ஃபோர்டு சந்துபொந்தெல்லாம் அலைந்து பிரானிகன் அவளைக் கண்டுபிடித்துவிடுகிறாள். மொய்ரா திரும்பி வருகிறாள், ஜெட்டின் மாளிகையிலேயே கொலையாகிறாள். கொலையாளி யாரென்று இங்கே யாரும் உடைத்துவிட வேண்டாம்.

என் குறை இதுதான். தேடும் பகுதி வரைக்கும் ஜோர். அதற்குப் பிறகு ஒரு பெரிய வீடு, அதற்குள் சந்தேகத்துக்குரிய நாலைந்து பேர், ஒவ்வொருவராக விசாரணை. இதை அகதா கிறிஸ்டி காலத்திலேயே பார்த்தாயிற்று. ராக் உலகம் இதில் வெறும் சுவரொட்டி. ஜெட்டை எடுத்துவிட்டு ஒரு மில் முதலாளியை வைத்தாலும் கதை ஓடும்.

பேஸ் கிட்டார்:
மில் முதலாளியை வச்சா ஓடாது தலைவரே. மில் முதலாளிக்குப் பாட்டுல பங்கு இருக்காது.

ராக் உலகத்துல குற்றம் நடக்கிற இடம் மேடை இல்ல, காகிதம். ‘எழுதியவர்’னு யார் பேர் போடுறோம்ங்கிறதுதான் மொத்த விஷயமும். பாடுறவனுக்கு ரெக்கார்டு வித்தா காசு, டூர் போனா காசு. பாட்டை எழுதினவங்களுக்கு ரேடியோல ஒவ்வொரு தடவை ஓடும்போதும் காசு, வேற எவனாவது பாடினாலும் காசு. ஒரே பேண்ட்ல, ஒரே வேன்ல சுத்தினவங்கள்ல ஒருத்தன் பங்களா கட்டுவான், இன்னொருத்தன் வாடகைக்கு அல்லாடுவான். இது வெளியே கத்தியா வரலைன்னாலும் உள்ளுக்குள்ள இருபது வருஷம் புகைஞ்சுக்கிட்டே இருக்கும்.

புரோகோல் ஹாரம்னு ஒரு பிரிட்டிஷ் பேண்ட், அவங்க கேஸை எடுத்துக்குங்க. 1967-ல வந்த அவங்க பெரிய ஹிட்டு. பாட்டு ஆரம்பிக்கும்போது ஒரு ஹேமண்ட் ஆர்கன் எட்டு பார் (தாளக் கணக்குல எட்டு சுற்று) வரும் பாருங்க, அதைக் கேட்டவுடனே பாட்டு எதுன்னு சொல்லிடலாம். வாசிச்சவர் மேத்யூ ஃபிஷர். பேர் போட்டது கேரி புரூக்கர், கீத் ரீட் ரெண்டு பேருக்கு மட்டும். ஃபிஷர் கோர்ட்டுக்குப் போனது 2005-ல. 2006-ல இசையில 40 சதவீதம் அவருக்குன்னு தீர்ப்பு. 2008-ல அப்பீல் கோர்ட், ‘நீங்க இணை ஆசிரியர்தான், ஆனா இவ்வளவு தாமதமா வந்ததால காசு கிடையாது’ன்னுச்சு. 2009-ல பிரபுக்கள் சபை (அப்போ அங்க அதுதான் உச்ச கோர்ட்) அதை மாத்தி காசும் உண்டுன்னுச்சு. அதுவும் வழக்குப் போட்ட நாள்லேர்ந்துதான், பழைய பாக்கி எல்லாம் போயே போச்சு. எட்டு பாருக்கு 42 வருஷம் சார்.

மொய்ரா திரும்பி வர்றாங்கன்னா அந்த மாளிகையில யார் யாருக்கு வயித்தைக் கலக்கும்னு இப்ப யோசிச்சுப் பாருங்க.

கீழவீதி:
அழகாகச் சொன்னீர்கள். ஆனால் நீங்கள் காட்டிய உதாரணமே என் பக்கம்தான் சாய்கிறது. ஃபிஷர் கத்தியை எடுக்கவில்லை, வக்கீலைப் பிடித்தார். பாட்டு எழுதியவரைக் கொன்றால் பங்கு கொலையாளிக்கா வந்துவிடப் போகிறது? வாரிசுக்குப் போகும். இறந்து 70 வருடம் வரை உரிமை உயிரோடு இருக்கிறது. ராக் உலகத்துக்கு உண்மையில் தேவை துப்பறிவாளர் இல்லை, ஒரு நல்ல ஆடிட்டர்.

ரெண்டாம் நடை:
70 வருஷம் 1996-லிருந்து. நாவல் வந்தபோது பிரிட்டனில் 50 தான். வாதம் மாறாது, சும்மா கணக்குக்காகச் சொன்னேன்.

ஆனால் கீழவீதி ஐயா, கொலைக்குக் கணக்குப் பார்த்துத்தான் இறங்குவார்கள் என்று எந்தப் போலீஸ்காரரிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். பேட்ஃபிங்கர் என்று ஒரு பேண்ட். அவர்கள் எழுதிய ஒரு பாட்டை ஹாரி நில்சன் பாடி, 1972-ல் அமெரிக்காவில் முதலிடம் போனது. அதை எழுதிய பீட் ஹாம் 1975-ல் தற்கொலை செய்துகொண்டார், பேண்டின் பணமெல்லாம் மேனேஜர் கையில் முடங்கிக் கிடந்த நேரம். கூட எழுதிய டாம் எவன்ஸ் 1983-ல் அதே முடிவு. அதற்கு முன்பு பழைய சகாவோடு போனில் அந்தப் பாட்டுக்கான பங்கைப் பற்றித்தான் தகராறு. இதில் எந்த ஆடிட்டர் என்ன செய்திருப்பார்?

மரியா:
ஒருத்தருமே பிரானிகனைப் பத்திப் பேசல, கவனிச்சீங்களா? பாட்டு, பங்கு, மேனேஜர். அவதானே கதை சொல்றவ.

எனக்குப் பிடிச்சது அவளோட தொழில். ஒரு பக்கம் ஜெட் கேஸ், இன்னொரு பக்கம் போலி வாட்ச் விக்கிற கும்பல் பின்னாடி காரை எடுத்துக்கிட்டு ராத்திரி பூரா சுத்துறா. துப்பறிவாளருக்குச் சோறு போடுறது அந்த மாதிரி வேலைதான், பாடகன் எப்பவாவது ஒரு தடவைதான் வருவான். காதலன் ரிச்சர்டு ராக் பத்திரிகையாளர். ஜெட் வீட்டுக் கதவு திறக்கிறதே அவன் வழியாத்தான். ஆனா அந்த உலகத்தைப் பார்த்து அவ வாயைப் பிளக்கிறதே இல்ல. ரசிகை எழுதியிருந்தா நாவல் கெட்டுப் போயிருக்கும்.

மெக்டர்மிட் மான்செஸ்டர்ல பத்திரிகை நிருபரா இருந்தவங்க. கதவைத் தட்டி ஆளைப் பேச வைக்கிறதுன்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியும், அது பக்கத்துக்குப் பக்கம் தெரியுது. (பின்னாளில் குற்றக்கதை எழுத்தாளர்களே சேர்ந்து ஒரு பேண்ட் வச்சு, 2019-ல கிளாஸ்டன்பரி இசை விழாவுல வாசிச்சப்போ இவங்களும் மேடையில பாடினாங்க.)

கீழவீதி:
மான்செஸ்டர் என்றீர்களே மேடம், என் கோபமே அங்கேதான். 1992-ல் அந்த ஊரில் என்னென்ன நடந்தது! ஹாசியெண்டா கிளப் வாசலில் துப்பாக்கி நீட்டும் அளவுக்கு கேங்குகள் வந்து, 1991 தொடக்கத்தில் கிளப்பையே சில மாதம் மூடி வைத்தார்கள். வாசல் காவலை யார் பிடிப்பது என்பதே ஒரு தனிப் போர். அந்த கிளப்புக்குப் பணம் போட்ட ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி 1992 நவம்பரில் திவால். துப்பறியும் நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? இவ்வளவையும் தெருவில் விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு மாளிகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வானேன்?

பேஸ் கிட்டார்:
கிளப் வாசல் கேங்கு கேஸுக்கு ஒத்தை ஆளா தனியார் துப்பறிவாளர் போனா ரெண்டாவது அத்தியாயத்துல கை கால் இருக்காது. அது போலீஸ் நாவல். பணம் வந்த பாடகன் ஊரை விட்டுப் போய் பெரிய கேட் போட்ட வீட்டுல, தன்னை நம்பிப் பிழைக்கிற பத்துப் பேரோட உட்கார்ந்துக்கிறதும் ராக் உலகம்தான். மேனேஜர், செக்ரட்டரி, அவனைப் பத்திப் புத்தகம் எழுத வந்தவன்னு ஒரு கூட்டம். அவங்க எல்லாருக்கும் சம்பளம் கொடுக்கிறது பழைய பாட்டு.

ராத்திரி ரயில்:
தனியார் துப்பறிவாளர் ராக் உலகத்தில் என்ன செய்வார் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை, நிஜமாகவே நடந்திருக்கிறது. 1994 ஏப்ரல் 3. மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியேறிய நிர்வாணா பேண்ட் பாடகர் கர்ட் கோபேனைக் கண்டுபிடிக்க அவர் மனைவி கோர்ட்னி லவ் அமர்த்தியது டாம் கிராண்ட் என்ற தனியார் துப்பறிவாளரை. 7-ம் தேதி, கோபேனின் நண்பர் டிலன் கார்ல்சனைக் கூட்டிக்கொண்டு கிராண்ட் கோபேனின் சியாட்டில் வீட்டுக்குள் போய்த் தேடினார். அறை அறையாகப் பார்த்தார்கள். கராஜுக்கு மேலே இருந்த அறையைப் பார்க்கவில்லை. 8-ம் தேதி காலை அங்கே உடலைப் பார்த்தது, வேலைக்கு வந்த எலெக்ட்ரீஷியன்.

இறந்தது 5-ம் தேதி என்பது மருத்துவக் கணிப்பு. அந்த அறைக்குப் போயிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது. கிராண்ட் பிறகு அது கொலை என்றே பேசி வந்தார். சியாட்டில் போலீஸ் 2014-ல் கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டும் தற்கொலை என்ற முடிவை மாற்றவில்லை. நிஜத்தில் துப்பறிவாளருக்கு ஒரு கதவு தப்பிவிடுகிறது. நாவலில் எந்தக் கதவும் தப்புவதில்லை. எனக்கு இந்த வகை நாவல் மேல் இருக்கும் சந்தேகம் அதுதான்.

மரியா:
நாவல்ல கதவு தப்பல, சரி. அதனாலதானே ஒருத்தி சாகுறா? பிரானிகன் கண்டுபிடிக்காம விட்டிருந்தா மொய்ரா உயிரோட இருந்திருப்பா. வேலையைச் சரியா செஞ்சதுதான் இதுல வினை. எனக்கு அந்த மாளிகை விசாரணையைவிட இதுதான் இன்னும் உறுத்துது.

பிரிட்டன்ல காணாமப் போன பெரியவங்களை போலீஸ் கண்டுபிடிச்சா, அவங்க வேண்டாம்னு சொன்னா இருக்கிற இடத்தைக் குடும்பத்துக்குச் சொல்ல மாட்டாங்க. நல்லா இருக்காங்கன்னு மட்டும் சொல்வாங்க. தனியார் துப்பறிவாளருக்கு அந்த ஊர்ல லைசென்ஸே கிடையாது. 2001 சட்டத்துல அதுக்கு இடம் வச்சாங்க, இன்னும் அமலுக்கு வரல. காசு கொடுத்தவன்கிட்ட விலாசத்தை நீட்டினா லைசென்ஸ் போயிடும்ங்கிற பயமும் இல்ல.

ரெண்டாம் நடை:
மேனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ் என்ற ராக் பேண்டின் ரிச்சி எட்வர்ட்ஸ் ஞாபகம் வருகிறார். 1995 பிப்ரவரி 1 லண்டன் ஹோட்டலை விட்டுப் போனவர். கார் மட்டும் செவர்ன் பாலத்துப் பக்கம் கிடைத்தது. 2008-ல்தான் சட்டப்படி இறந்ததாக அறிவித்தார்கள். அதுவரை அவருடைய பங்கை பேண்ட் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தது. பேஸ் கிட்டார் அண்ணன் சொன்ன அதே காகிதம்தான். ஜெட்டுக்கு மொய்ரா எதற்காக வேண்டும்? பங்கைக் கொடுக்க இல்லை, புதுசாக எழுதி வாங்க.

கீழவீதி:
அப்படியானால் கொலைக்கு முந்தைய பாதியே முழு நாவலாக இருந்திருக்க வேண்டும் என்கிறேன். நான் முதலிலிருந்தே சொல்வது அதைத்தான்.

பேஸ் கிட்டார்:
கொலை இல்லாம ‘தேடினாள், கிடைத்தாள், பில் போட்டாள்’னு முடிச்சா நீங்களே வந்து இழை போட்டுத் திட்டியிருப்பீங்க. நேரா ஒரு கேள்வி. மொய்ராவைத் தேடிக் கொடுத்த காசை பிரானிகன் திருப்பிக் கொடுக்கணுமா?

கீழவீதி:
வேண்டாம். யாரும் மொய்ராவைக் கட்டி இழுத்து வரவில்லை. ஆனால் ஜெட்டிடம் விலாசத்தைச் சொல்வதற்கு முன்னால், அந்த வீட்டில் இப்போது யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் விசாரித்திருக்கலாம். போலி வாட்ச் கும்பலுக்குச் செலவழித்த ராத்திரிகளில் ஒன்று போதும்.

மரியா:
அதுக்கு யாரும் அவளுக்குக் காசு கொடுக்கல ஐயா.