தனி ஹெட்டர் கோப்புறை கொடுத்து கம்பைல் செய்யும்போது எங்கே இடறுகிறது? – ரெயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவின் மூன்று ஊர்களிலிருந்து அனுபவப் பகிர்வு

சேன்-தெனி:
நிரல் கேட்கும் ஹெட்டர் (நூலகத்தின் அறிவிப்புகள் உள்ள ‘.ஹெச்’ கோப்பு) கிடைக்காவிட்டால், சி மொழிக் கம்பைலரான ஜிசிசி ‘அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை’ என்று பிழை காட்டும். பிரெஞ்சில் நிறுவிய லினக்ஸில் இந்தப் பிழையில் ‘ஒக்கூன் ஃபிஷியே ஊ தொஸியே’ என்று வரும். அதை வைத்துத் தேடினால் விடை அதிகம் சிக்காது. கட்டளைக்கு முன்னால் ‘எல்சி_ஆல்=சி’ (LC_ALL=C) சேர்த்து ஓட்டினால் ஆங்கிலத்தில் வரும். அடுத்து, நிரலில் ‘எஸ்டிஎல்2/எஸ்டிஎல்.ஹெச்’ என்று இருந்தால் ஹெட்டர் தேடும் கோப்புறையைச் சேர்க்கும் ‘-ஐ’ (-I) விருப்பத்துக்குக் கொடுக்க வேண்டியது ‘எஸ்டிஎல்2’வின் தாய்க் கோப்புறை. ‘எஸ்டிஎல்2’வையே கொடுத்துவிட்டுப் பலர் மணிக்கணக்கில் தேடுகிறார்கள்.

சேன்-பியேர்:
‘-ஐ’யோடு ஒட்டி ‘~/லிப்’ என்று எழுதாதீர்கள். சொல்லின் நடுவில் வரும் ‘~’ குறியை பாஷ் (கட்டளைகளை ஓட்டும் ஷெல்) உங்கள் ஹோம் கோப்புறையாக விரிக்காது. ‘$ஹோம்’ எழுதுங்கள். இல்லாத கோப்புறையைக் கொடுத்தாலும் ஜிசிசி வாய் திறக்காது. ‘ஜிசிசி -ஈ -வி -எக்ஸ் சி /டெவ்/நல்’ என்பதோடு உங்கள் ‘-ஐ’களையும் சேர்த்து ஓட்டுங்கள்: தேடும் வரிசை முழுதும் வரும், தள்ளிவிட்ட கோப்புறை ‘இக்னோரிங்’ என்ற வரியில் தெரியும்.

சேன்-ஆந்த்ரே:
ஹெட்டர் கிடைக்காதது சின்னத் தொல்லை. வேறு பதிப்பின் ஹெட்டர் கிடைப்பதுதான் ஆபத்து. கம்பைல் ஆகும், லிங்க் ஆகும், ஓடும்போது விழும். காரணம், ஸ்ட்ரக்ட் என்ற தரவுக் கட்டமைப்பின் அளவு ஹெட்டரில் ஒன்று, நூலகத்தில் வேறொன்று. எந்தக் கோப்பு உள்ளே வந்தது என்பதை ‘-ஹெச்’ (-H) பாதையோடு காட்டும். தேடும் வரிசை இது: முதலில் ‘-ஐ’கள் இடமிருந்து வலமாக, பிறகு ‘சிபாத்’ (CPATH) என்ற சூழல் மாறியில் உள்ளவை, அதன்பின் ‘-ஐசிஸ்டம்’ (-isystem) விருப்பத்தில் கொடுத்தவை, கடைசியில் கணினியின் சொந்தக் கோப்புறைகள்.

‘சிபாத்’தில் ஒரு பொறி உண்டு. காலியாக இருக்கும் மாறியில் ‘சிபாத்=$சிபாத்:/ஆப்ட்/...’ என்று எழுதினால் முன்னால் வெறும் முக்காற்புள்ளி நிற்கும். ஜிசிசிக்கு அது நீங்கள் நிற்கும் கோப்புறை என்று பொருள். அங்கே ‘டைம்.ஹெச்’ என்று உங்கள் கோப்பு ஒன்று கிடந்தால், கணினியின் கோப்புக்குப் பதில் அதுவே உள்ளே வரும், கதை முடிந்தது.

பிறர் நூலகத்தின் எச்சரிக்கைகளை அடக்க ‘-ஐசிஸ்டம்’ நல்லது. ஆனால் ‘/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்’ஐ அதற்குக் கொடுக்கவே கூடாது. ஜிசிசி 6 முதல் சி++ நிரலில் ‘எஸ்டிடிலிப்.ஹெச்’ இல்லை என்று வரும். சி++இன் ‘சிஎஸ்டிடிலிப்’ அந்தக் கோப்பை ‘இன்க்ளூட்_நெக்ஸ்ட்’ மூலம் தனக்குப் பின்னால் வரும் கோப்புறைகளில் தேடுகிறது. அந்தக் கோப்பு இருக்கும் ‘/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்’ஐ நீங்கள் முன்னால் நகர்த்திவிட்டீர்கள்.

சேன்-தெனி:
கம்பைலுக்கு முன் கணினியைச் சோதிக்கும் ‘கன்ஃபிகர்’ ஸ்கிரிப்டை ஓட்டுபவர்கள் ‘-ஐ’யை ‘சிபிபிஃப்ளாக்ஸ்’ (CPPFLAGS) மாறியில் வையுங்கள், ‘சிஃப்ளாக்ஸ்’இல் வேண்டாம். ஹெட்டர் சோதனையில் ப்ரீபிராசஸர் (ஹெட்டர்களை உள்ளே சேர்க்கும் முதல் கட்டம்) மட்டும் ஓடும்போது ‘சிஃப்ளாக்ஸ்’ அதற்குப் போகாது. நூலகம் இருக்கும் கோப்புறையைக் காட்டும் ‘-எல்’ (-L) சேர்க்க வேண்டிய இடம் ‘எல்டிஃப்ளாக்ஸ்’.