4ஜிபி ரேம் லேப்டாப்புக்கு எந்த பிரவுசர் போடலாம்?

கேள்வி: பழைய லேப்டாப், நண்பர்களே, 4ஜிபி ரேம்தான், நாலஞ்சு டேப் தொறந்தாலே ஃபேன் கத்த ஆரம்பிச்சுடுது. யூடியூப், மெயில், பேங்க் அவ்ளோதான் வேலை. டெய்லி யூஸுக்கு எது நல்லது?

பதில்: ஃபயர்ஃபாக்ஸ் போடுங்க ப்ரோ. யுபிளாக் ஆரிஜின்ங்கிற விளம்பரத்தை தடுக்குற எக்ஸ்டென்ஷன் (பிரவுசர்ல சேத்துக்குற குட்டி புரோகிராம்) அதுல இன்னும் முழுசா ஓடுது, குரோம்ல மேனிஃபெஸ்ட் வி3ங்கிற புது எக்ஸ்டென்ஷன் ரூல்ஸ் வந்தப்புறம் அதோட லைட் வெர்ஷன்தான் கெடைக்குது, விளம்பரம் லோடு ஆகலைன்னாலே பாரம் நல்லாவே கொறையும்.

பதில்: பிரேவ், எட்ஜ், ஓபரா எல்லாமே உள்ள குரோமியம்தான், அதாவது குரோமோட அதே அடிப்படைதான், ரேம்ல பெருசா வித்தியாசம் எதிர்பாக்காதீங்க. எட்ஜ்னா, யூஸ் பண்ணாத டேப்பை தூங்க வைக்கிற ஸ்லீப்பிங் டேப்ஸ் ஆன்ல இருக்கான்னு பாருங்க.

பதில்: எதைப் போட்டாலும் தேவையில்லாத எக்ஸ்டென்ஷனை மொதல்ல தூக்குங்க. விண்டோஸ்ல ஷிப்ட் எஸ்கேப் சேத்து அழுத்துனா எந்த டேப் ரேமை தின்னுதுன்னு காட்டிடும், குரோம் ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டுலயும் இருக்கு. பேங்க்குக்கு மட்டும் எக்ஸ்டென்ஷனே இல்லாத தனி ப்ரொஃபைல் வச்சுக்கோங்க, ப்ளீஸ்.