ஹான்சல், கிரெட்டல் கதையைத் தமிழில் பாட்டு நாடகமாகப் போடுகிறோம், ஒரு யோசனை வேண்டும்

அல்சூர் அம்மா:
பெங்களூரில் எங்கள் அபார்ட்மெண்ட் பிள்ளைகள் 11 பேர். இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம், இரண்டு பாட்டு தயார். எல்லோரும் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது, அதனால் வரிகளைக் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை என்று பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரும் இடத்தில்தான் சிக்கல். தங்கை கிரெட்டலாக நடிக்கும் 7 வயதுக்காரி தாளைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா அப்படிப் பண்ண மாட்டாங்க" என்று அழுதுவிட்டாள். கதையை மாற்றலாமா?

மல்லேஸ்வரம் வாசகன்:
தாராளமாக மாற்றுங்கள். இந்தக் கதையைத் தொகுத்து வெளியிட்ட கிரிம் சகோதரர்களே மாற்றியிருக்கிறார்கள். 1812 பதிப்பில் பெற்ற தாய், பின்னால் வந்த பதிப்பில் சித்தி. இதே கதையை ஜெர்மனியில் ஹம்பர்டிங்க் என்ற இசையமைப்பாளர் இசை நாடகமாக்கினார், 1893 டிசம்பர் 23 அன்று வைமார் நகரில் முதல் மேடையேற்றம். அதுவும் உங்களுடையது மாதிரி வீட்டில்தான் தொடங்கியது; அவருடைய தங்கை தன் பிள்ளைகள் நடிக்க நாலைந்து பாட்டுக்கு மெட்டு கேட்டார், அது வளர்ந்து முழு நாடகமாகிவிட்டது. அதில் அம்மா யாரையும் கைவிடுவதில்லை. வீட்டில் இருந்த ஒரே பால் ஜாடி உடைந்துபோக, கோபத்தில் "போய்ப் பழம் பறித்து வாருங்கள்" என்று காட்டுக்கு விரட்டுகிறாள். துடைப்பம் விற்கும் அப்பா வந்து, காட்டில் சூனியக்காரி இருக்கிறாள் என்று சொன்னதும் பதறி இருவரும் தேடி ஓடுகிறார்கள். பசி அப்படியே இருக்கிறது, அம்மாவும் அம்மாவாகவே இருக்கிறாள்.

பாட்டு டீச்சர், ஜீவன்பீமா நகர்:
அதில் ஹான்சலாகப் பாடுவதும் பெண்தான் அக்கா, பையன் கிடைக்கவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். நம் பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பையன்கள் பெண் வேஷம் கட்டவில்லையா. முதல் காட்சியில் பசியை மறக்க அண்ணனுக்குத் தங்கை ஆட்டம் சொல்லித் தருவாள், கை தட்டி, கால் தட்டி. அதை அப்படியே கும்மியாக வையுங்கள், பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். காட்டில் தூங்கப் போகும் முன் இருவரும் பாடும் பிரார்த்தனைக்கு நீலாம்பரி ராகம், தாலாட்டுக்குப் பாடுவது. மெதுவாக, சுருதிப் பெட்டி மட்டும் போதும். தயவுசெய்து கரோக்கி வேண்டாம், குழந்தைக் குரல் அமுங்கிவிடும்.

அல்சூர் அம்மா:
ரொம்ப நன்றி. ஜாடிக்குப் பதில் பால் சொம்பு கவிழ்வதாக வைத்து நேற்று ஒத்திகை பார்த்தோம். பால் கொட்டியதும் கிரெட்டலாக நடிப்பவளே ஓடிப்போய்த் துணி எடுத்து வந்து துடைத்தாள், நான் சொல்லவே இல்லை. அதையும் காட்சியில் சேர்த்துவிட்டேன்.